வேலையிழந்தோர் தாமாக ஒப்படைக்கும் வாகனங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: வாகனக் கடன்தாரர் சங்கத்தினர், பெரம்பலூர் – அரியலூர் மாவட்டங்கள்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர்கள், பெரம்பலூர் மற்றும் அரியலூர்.

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், முன்னோடி வங்கி மேலாளர்கள்.

பொருள்: தவணை கட்ட இயலாமல் ஒப்படைக்கப்படும் வாகனங்களுக்கு விலைக் கணக்கும் பதிவு மாற்றமும் உறுதிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ரயில் நிலையம் இல்லாத பெரம்பலூரில் ஆலை வேலைக்குப் போய்வர இருசக்கர வாகனம் வேண்டியிருக்கிறது. அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் நடையை நம்பி டிப்பர் லாரிகள் கடனில் வாங்கப்படுகின்றன. வேலை போனாலோ நடை குறைந்தாலோ வருமானம் நின்றுவிடும். தவணைத் தேதி நிற்பதில்லை. அந்நிலையில் வண்டியை மறைக்காமல் தாமே கொண்டுபோய் விடுபவர் நிதி நிறுவனத்துக்குத் தேடும் செலவையும் மிச்சப்படுத்துகிறார். ஆயினும் சாவியைக் கொடுத்ததோடு கடன் தீர்வதில்லை. எடுத்துக்காட்டாக, 3,00,000 ரூபாய் பாக்கியுள்ள வண்டி 1,80,000 ரூபாய்க்கு ஏலம் போனால், மீதி 1,20,000 ரூபாயும் செலவுகளும் அவர் பெயரிலேயே நிற்கும். விலை எப்படி முடிவானது என்று தெரியாதவர் அந்தப் பாக்கியை எப்படிச் சரிபார்ப்பார்?

வாகனத்தை எடுக்கும் முன் அறிவிப்பு, விற்குமுன் கடனைக் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏல நடைமுறை ஆகியவை கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாமாக ஒப்படைத்தவர் இந்தப் பாதுகாப்பைக் கைவிட்டவராகக் கருதப்படக் கூடாது. பதிவுப் புத்தகம் (ஆர்.சி.) இதைவிடப் பெரிய சிக்கல். உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தால், நிதி நிறுவனம் தன் பெயரில் புதிய சான்று பெற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51(5) வழி செய்கிறது. வண்டியையே ஒப்படைத்தவரின் பெயரை நிறுவனம் மாற்றாமல் விட்டால், அவருக்கு அந்தப் பிரிவில் வழியில்லை. பலர் கைமாறிய வாகனமானாலும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், இது ஏட்டளவிலான அச்சமன்று.

தாமாக ஒப்படைப்பவருக்குச் சலுகை தந்தால் அது தவணை தவறுவதை ஊக்குவிக்கும் என்பர். நாங்கள் தள்ளுபடி கேட்கவில்லை. நியாயமான விலையும் எழுத்துப்பூர்வமான கணக்குமே கேட்கிறோம். வண்டி நல்ல விலைக்குப் போனால் கடன் கொடுத்தவருக்கும் வசூல் கூடும். நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் அதிகாரம், மாவட்ட நிர்வாகத்துக்கு இதில் வேலையில்லை என்றும் கூறலாம். விதி வகுப்பது அங்கேதான். ஆனால் வங்கியாளர்கள் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை ஏற்பவர் ஆட்சியர். பதிவேடு இருப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்.

ஆகவே, ஒப்படைத்த அன்றே வாகன நிலை, கிலோமீட்டர், கடன் பாக்கி ஆகியவற்றைக் குறித்த ஒப்புகைச் சீட்டு தரவும், விற்பனைக்கு முன் மதிப்பீட்டு விலையையும் ஏலத் தேதியையும் எழுத்தில் தெரிவிக்கவும், விற்றபின் முழுக் கணக்கு அளித்து, மிஞ்சிய தொகை இருந்தால் கடன்தாரருக்கே திருப்பித் தரவும் ஆலோசனைக் குழுவில் நிதி நிறுவனங்களை அறிவுறுத்த வேண்டுகிறோம். ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் ஒப்படைத்த விவரத்தை வாகனப் பதிவேட்டில் குறிக்கவும், பெயர் மாற்றாமல் மறுவிற்பனை செய்வதைத் தடுக்கவும் போக்குவரத்து அலுவலகங்களுக்கு ஆணையிட வேண்டும். மீதிக் கடன் தகராறுகளை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பி, வேறு வேலை கிடைக்கும்வரை தாங்கக்கூடிய தவணைகளில் தீர்க்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்