பந்தியில் சொல்லாமல் விட்ட பதில்



போன ஞாயிறு ஆவடியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரப் பையன் கேட்டான்: "பென்ஷன் பணத்துல டைனோசர் பொம்மை வாங்கி அடுக்குறீங்களாமே அத்தை?" எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் ஊற்ற வந்தவரும் சிரித்தார். இலை முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டேன். பதில் இங்கே.

தம்பி, அது பொம்மை இல்லை. பாடம்.

என் அலமாரியில் இருப்பவை நீண்ட கழுத்து டைனோசர்கள். 1:40 அளவில் செய்தவை. நீளம் 40 மடங்கு என்றால் கனஅளவு எத்தனை மடங்கு? 40 என்று சொன்னவர்கள் பெஞ்சு மேல் ஏறி நில்லுங்கள். 40×40×40 = 64,000. மாதிரியைத் தண்ணீர் நிறைந்த வாளியில் முக்குங்கள். ஒன்றரை ஆவின் பாக்கெட் அளவு, அதாவது 750 மில்லி தண்ணீர் வழிந்தால், நிஜ மிருகம் 48,000 லிட்டர். தண்ணீரின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் 48 டன்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1962இல் அமெரிக்காவின் எட்வின் கோல்பெர்ட் மாதிரிகளையும் மணலையும் வைத்து பிராக்கியோசாரஸ் 78 டன் என்றார். 1980களில் இங்கிலாந்தின் மெக்நீல் அலெக்சாண்டர், லண்டன் அருங்காட்சியகம் விற்ற பிளாஸ்டிக் மாதிரியைத் தண்ணீரில் முக்கிக் கணக்கிட்டார். வந்தது 47 டன். ஏன் இவ்வளவு வித்தியாசம்? அவர் மாதிரி பருமன், இவர் மாதிரி ஒல்லி. மாதிரி தப்பானால் கணக்கும் தப்பு. அதனால்தான் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிற்கும் மாதிரியை நான் வாங்குவதில்லை. பாறையில் பதிந்த காலடித் தடங்களில் வால் இழுத்த கோட்டைப் பார்ப்பதே அபூர்வம்.

"வெளிநாட்டுக் கதை நமக்கெதுக்கு" என்பவர்களுக்கும் சொல்கிறேன். நம்ம அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்பு என்று அர்த்தம். முதலில் ஊன் உண்ணி என்று எழுதினார்கள். பிறகுதான் அது நீண்ட கழுத்து வகை என்று ஆனது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். என்னைவிட உயரம். 100 டன்னைத் தாண்டும் என்று கணக்கிட்டவர்கள் உண்டு. எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. எலும்பு பொடிந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது வரைபடங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும்தான். உலகத்திலேயே பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒன்றின் அச்சுக்கூட நம்மிடம் இல்லை. நகல் எதற்கு என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

இப்போது என் ஆதங்கம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளிக்கு மூன்று மாதிரிகள் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துப் போனால், கண்ணாடி பீரோவில் பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால் நிற்கின்றன. பூட்டு வேறு. கேட்டால், "பிள்ளைங்க உடைச்சிடுவாங்க டீச்சர்."

கல்லமேட்டு எலும்பைப் பிள்ளைகளா உடைத்தார்கள்? மாதிரி உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். தொடாமலே எட்டாம் வகுப்பைத் தாண்டிப் போன பிள்ளையை மறுபடி எங்கே பிடிப்பது?

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் தலைமை ஆசிரியர்கள். உங்கள் பள்ளி பீரோவை நாளைக்கே திறந்து வையுங்கள். பொருளே இல்லையென்றால் அம்பத்தூரில் என் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். மாதிரி என்னுடையது, வாளியும் என்னுடையது. உடைந்தால் திட்டமாட்டேன்.

பந்தியில் சிரித்த தம்பிக்கும் இந்த அழைப்பு உண்டு. 64,000ஐச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் காபி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்