லெப்டொப் வாங்க முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



போன மாதம் எங்களுடைய பழைய மாணவன் ஒருவனின் உம்மா எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு புது லெப்டொப். "சேர், காப்ப அடகு வெச்சித்தான் இத எடுத்த. மகன் அப் செய்யப் படிக்கோணும் எண்டான். இப்ப ரெண்டு கிழமையாத் தொடுறானும் இல்ல. கேட்டா, எனக்கு மூள காணாது உம்மா எண்டு சொல்றான்."

திறந்து பார்த்தோம். ரெம் 4 ஜீபி. எஸ்.எஸ்.டி. இல்லை, பழைய வகை ஹார்ட் டிஸ்க். அதில் அன்ட்ரொயிட் ஸ்டூடியோவையும் போட்டு, எமியுலேட்டரையும் ஓட்டப் பார்த்திருக்கிறான் பிள்ளை. வீடியோவில் ஐந்து நிமிடத்தில் வருகிற விஷயம் இவனுக்கு ஒரு மணித்தியாலம் ஆகியும் வரவில்லை. கடைசியில் மெஷின் இறுகிப் போய்விட்டது. வாங்கும்போது கடையில் கேட்டாராம். "எல்லாம் ஓடும்" என்றார்களாம்.

காணாமல் போனது ரெம். பிள்ளை தன் மூளையைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு கிழமையாக இருந்திருக்கிறான்.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. வகுப்பில், "ப்ளட்டர் படியுங்கள், எல்லாம் இலவசம்" என்று சொன்னது நாங்கள்தான். சொப்ட்வெயார் இலவசம் என்பது சரி. அது ஓடுகிற மெஷின் இலவசமில்லை, டவுன்லோட் பண்ணும் டேட்டாவும் இலவசமில்லை. பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டோம். விட்ட பாதியை இப்போது எழுதுகிறோம்.

முதலில் விஷயம் என்னவென்று பெற்றோருக்குச் சுருக்கமாக. முன்பு அன்ட்ரொயிட் போனுக்கு ஒரு மொழியில் எழுத வேண்டும், ஐபோனுக்கு வேறு மொழியில் மறுபடி எழுத வேண்டும். ஒருமுறை எழுதி இரண்டிலும் ஓட்டுவதற்கு 2015இல் பேஸ்புக் நிறுவனம் ரியெக்ட் நேட்டிவ்வை வெளியிட்டது. கூகுளின் ப்ளட்டர் 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. ஊரிலிருக்கும் உம்மாவின் அன்ட்ரொயிட்டிலும் கட்டாரிலிருக்கும் மாமாவின் ஐபோனிலும் ஒரே அப் ஓடும். பிள்ளைகள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் வீடியோக்காரர்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள். ஐபோனுக்கான அப்பைக் கட்டி முடிக்க எக்ஸ்கோட் வேண்டும். எக்ஸ்கோட் ஓடுவது அப்பிளின் மெக்கில் மட்டும். அதற்காக யாரும் மெக் வாங்க ஓட வேண்டாம். முதல் ஒரு வருடம் வின்டோஸ் மெஷினில் அன்ட்ரொயிட்டுக்குச் செய்து பழகினால் போதும். எழுதியதில் பெரும்பகுதி அப்படியே ஐபோனுக்கும் பயன்படும்.

இனி வாங்கும் விஷயம். 8 ஜீபி ரெம்முக்குக் குறைந்து வாங்காதீர்கள். 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. கட்டாயம். கேம் விளையாடுவதற்கான விலை கூடிய கிராபிக்ஸ் கார்ட் இந்த வேலைக்குத் தேவையில்லை. அந்தக் காசை ரெம்மில் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கி ரெம்மைக் கூட்டுவது பல நேரம் புதிதை விட இலாபம். ஆனால் சில மெல்லிய லெப்டொப்களில் ரெம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. "இதுக்கு ரெம் கூட்டலாமா?" என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வாங்கியாயிற்று. பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த நாலைந்து இடங்களில்தான்.

ப்ளட்டர் போல்டரைப் 'புரோகிராம் பைல்ஸ்' உள்ளே போடுவார்கள். அங்கே வின்டோஸ் அனுமதி கேட்டு மறிக்கும். இடைவெளியோ விசேட குறியீடோ இல்லாத பெயரில் வேறொரு போல்டர் செய்து அதில் போட வேண்டும். பிறகு அந்த இடத்தை வின்டோஸின் 'பாத்' பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 'ப்ளட்டர்' என்று டைப் பண்ணினால், அப்படி ஒன்றே இல்லை என்று மெஷின் சொல்லும்.

அடுத்தது 'ப்ளட்டர் டொக்டர்' என்ற கட்டளை. பெயருக்கேற்ற வேலை. எது இருக்கிறது, எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். அன்ட்ரொயிட் பக்கத்தில் 'கொமாண்ட் லைன் டூல்ஸ் இல்லை' என்று பலருக்கும் வரும். அன்ட்ரொயிட் ஸ்டூடியோவின் எஸ்.டீ.கே. மெனேஜரில் போய் ஒரு டிக் போட்டால் முடிந்தது. பிறகு லைசன்ஸ்களுக்குச் சம்மதம் கொடுக்கச் சொல்லும். கொடுத்தால் சிவப்புப் போய்ப் பச்சை வரும்.

எமியுலேட்டரை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் போனையே பாவியுங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூ.எஸ்.பி. டிபகிங்கை ஓன் பண்ணுங்கள். கேபிள் டேட்டா போகிற கேபிளா என்றும் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிளைச் செருகிவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எங்களுக்கே உண்டு.

முதல் தடவை அப்பை ஓட்டும்போது பின்னால் நிறைய டவுன்லோட் ஆகும். நிறுத்திவிடாமல் பொறுக்க வேண்டும். இரவு நேர டேட்டா இருப்பவர்கள் அதற்கென வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கேட்கிறார்கள், "சேர், ஒராள் காசுக்குச் செட் பண்ணித் தாறாராம், குடுப்பமா?" வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். நாலு மாதத்தில் ஒரு அப்டேட் வந்து எல்லாம் குழம்பும். அன்று பிள்ளை மறுபடி அந்த ஆளின் வாசலில்தான் நிற்பான். மெஷினைத் தானே தயார்படுத்திப் பழகுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

"இப்ப ஏ.ஐ. எல்லாம் எழுதுதே, இதெல்லாம் எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். ஏ.ஐ. எழுதித் தந்தாலும் அதை ஓட்டிப் பார்க்கும் மெஷின் வேண்டும், ஓடாவிட்டால் ஏனென்று வாசிக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை. ஓ.எல்.லில் பஸ்கால் படிப்பிக்கிறோம், ஏ.எல்.லில் பைதன் படிப்பிக்கிறோம். ஆனால் ஒரு எரர் மெசேஜை முன்னால் வைத்து, 'இது என்ன சொல்கிறது?' என்று வகுப்பில் நாங்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? தமிழ் மொழி மூலம் படிக்கும் பிள்ளை சிவப்பு எழுத்தில் பத்து வரி ஆங்கிலத்தைக் கண்டதும், தோற்றுப் போனோம் என்று நினைத்து மூடிவிடுகிறது. அந்தப் பத்து வரியில் பல நேரம் திருத்தும் வழியும் எழுதியிருக்கும். அதை வாசிக்கப் பழக்குவது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. இதுவரை அதைச் சரியாகச் செய்யவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஷின் குழம்பினால் ஆண் பிள்ளை இரவு எட்டு மணிக்கும் கூட்டாளி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். அவள் போக முடியாது. வீட்டில் ஒரு லெப்டொப் இருந்தால் அதுவும் நானாவுக்குத்தான் முதலில். எங்கள் வகுப்பில் முதல் மூன்று இடத்திலும் பெண் பிள்ளைகள். அப் செய்யத் தொடங்கியவர்களில் ஒருத்தியும் இல்லை. இதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். நல்ல மெஷின் கிடைக்கும் வரை 'டார்ட்பேட்' என்ற தளத்தில் எதையும் இன்ஸ்டோல் பண்ணாமல் பிரவுசரிலேயே எழுதிப் பழகலாம். 4 ஜீபி மெஷினுக்கும் அது போதும்.

பிளே ஸ்டோரில் போட வேண்டுமே என்று உடனே காசு கட்டாதீர்கள். கூகுளுக்கு ஒரு தடவை 25 டொலர், அப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாட்கள் தொடர்ந்து சோதித்த பிறகே கூகுளில் வெளியிட விண்ணப்பிக்கலாம். பழகும் காலத்தில் ஏ.பி.கே. பைலை வட்ஸ்அப்பில் வீட்டாருக்கு அனுப்பினாலே போதும். நாளை ஒரு பிள்ளை, "என் அப்பை 14 நாள் வைத்துப் பாருங்கள்" என்று கேட்டால், அந்தப் பன்னிரண்டு பேராக ஊரவர்களாகிய நாம் நிற்போம்.

அந்த மாணவனின் லெப்டொப்புக்கு ரெம்மைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாற்றினோம். அடுத்த சனிக்கிழமை 'ப்ளட்டர் டொக்டர்' எல்லாம் பச்சை. இப்போது உம்மாவின் சீட்டுக் கணக்குக்கு ஒரு சின்ன அப் செய்திருக்கிறான். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று அவர் போனிலேயே பார்க்கிறார். காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. முன்பே எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதே காசில் பொருத்தமானதை வாங்கியிருக்கலாம். கேட்கும்படி நாங்கள் நடந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அலுமாரிக்குள் தூங்கும் பழைய லெப்டொப் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துச் சரியான ஒரு மெஷினாக ஆக்கி, சனிக்கிழமை காலையில் பெண் பிள்ளைகளுக்கு, அஸருக்குப் பிறகு ஆண் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொது இடத்தில் வைக்கலாம். கூட இருந்து காட்டிக் கொடுக்க நாங்கள் வருவோம், இன்ஷா அல்லாஹ்.

இரண்டாவது, பிள்ளைக்கு லெப்டொப் வாங்கப் போகும் உம்மா, வாப்பாமார் காசைக் கொடுக்க முதல் மெஷினின் விபரத்தை ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடம் போகும்.