பூச்சட்டியும் பிடிமண்ணும்

சுற்றுச்சூழல் என்னும் தலைப்பு தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் பாடத்தில் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. மாணவர் எழுதும் கட்டுரையும் அன்று முதல் மாறாமலே இருந்து வருகிறது. குப்பையைத் தொட்டியில் போட வேண்டும். மரம் நட வேண்டும். நெகிழிப் பையைத் தவிர்க்க வேண்டும். இயற்கை அன்னையைக் காப்பது அனைவரின் கடமையாகும். ஆசிரியர் சந்திப்பிழையைத் திருத்துகிறார். 'மிக நன்று' என எழுதிக் கையொப்பமிடுகிறார். மரம் நட வேண்டும் என்றால் எந்த நிலத்தில் நடுவது? அந்த நிலம் யாரிடம் இருந்தது, எவ்வாறு கைமாறியது? இக்கேள்விகள் கட்டுரையில் இல்லாமையை எந்தச் சிவப்பு மையும் சுட்டிக் காட்டுவதில்லை.

இத்தகைய கட்டுரையைப் பிள்ளைகள் எங்கே அமர்ந்து எழுதுகிறார்கள் என்பதையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கோலாலம்பூரின் தென்கோடியில் புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளிகள் தோட்டங்களின் பெயரைச் சுமந்து நிற்கின்றன, தோட்டங்களைத்தான் காணோம். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆகி, 1978-இல் சிலாங்கூரின் தலைநகருமாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் சுற்றுச்சூழல் வரலாறு இப்பெயர்ப்பலகைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தினமும் அவற்றின் கீழே நடந்து போகும் ஆசிரியருக்கு அதைப் படிக்க நேரமில்லை போலும்.

தோட்ட வாழ்வைப் பொற்காலம் என்று பாடுவது இங்கு நோக்கமன்று. காட்டை அழித்து ஒற்றைப் பயிர் வைத்தது தோட்டம். குறைந்த கூலி, கள்ளுக்கடைக் கடன், துரையின் அதட்டல், கங்காணியின் கணக்கு ஆகியவற்றையெல்லாம் மறந்து கண்ணீர் வடிக்கும் சிறுகதைகள் போதுமான அளவில் வந்துவிட்டன. ஆயினும் அந்தக் கொடிய அமைப்புக்குள்ளும் ஒரு பிடிமண் தொழிலாளியிடம் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் எனக் காலனி ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் சட்டமே கூறிற்று. எல்லாத் தோட்டங்களும் அதை ஒழுங்காக நிறைவேற்றின என்று சொல்லவியலாது. எனினும் லயத்துக்குப் பின்னே முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. கத்தரியும் வெண்டையும் காய்த்தன. கோழியும் ஆடும் திரிந்தன. மாடு வைத்திருந்தவர் அண்டை வீட்டுக்கும் பால் ஊற்றினார். கூலி போதாத மாதத்தில் குடும்பத்தைக் காத்தவற்றுள் அந்தக் கொல்லையும் ஒன்று.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. தோட்டம் நகரமானபின் அதே குடும்பத்துக்குக் காட்டப்படும் மலிவுவிலை அடுக்குமாடி வீடு ஏறத்தாழ 700 சதுர அடி, அதுவும் வானத்தில். வெள்ளைக்காரன் தன் இலாபத்துக்காக எழுதிய சட்டத்தில் இருந்த மண், சுதந்திர நாட்டின் நகரத் திட்டத்தில் இல்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்! மின்தூக்கி பழுதானால் மூதாட்டி ஒருத்தி வாரக்கணக்கில் தரையை மிதிக்காமல் இருக்க நேர்கிறது. துளசிக்கு மட்டும் இடம் மிஞ்சுகிறது; அதற்கும் தாழ்வாரத்தில் பூச்சட்டி வைத்தால் நடைபாதைக்கு இடையூறு என அறிக்கை ஒட்டுகிறார்கள்.

புக்கிட் ஜாலில் இதற்குத் தக்க சான்று. அத்தோட்ட நிலத்தை 1980-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பின்னர் அந்த வட்டாரத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான தேசிய அரங்கம் எழுந்தது. குழிப்பந்துத் திடல் விரிந்தது. வீடமைப்புப் பகுதிகள் பெருகின. இறுதிவரை லயத்தில் எஞ்சியிருந்த நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் கேட்டது நான்கு ஏக்கர் நிலம். தரையோடு ஒட்டிய வீடு கட்டிக்கொள்ள நான்கே ஏக்கர்! அவர்களுக்குக் காட்டப்பட்டது அடுக்குமாடி. 2011-இல் அவர்களை வெளியேற்ற முயன்றபோது அச்செய்தியை 'இந்தியர் பிரச்சினை' என்றார்கள். 'ஏழைகள் பிரச்சினை' என்றார்கள். சுற்றுச்சூழல் பிரச்சினை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பந்தை அடித்து விளையாடும் புல்தரைக்குப் பசுமை என்று பெயர். கீரை விளையும் கொல்லைக்குப் புறம்போக்கு என்று பெயர். இந்த அகராதியை ஏற்றுக்கொண்டுதான் பள்ளியில் பசுமை வாரம் கொண்டாடப்படுகிறது.

மண்ணை மூடியதன் விலையை நீர் வசூலித்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியது. அதன்பின் ஆற்றை ஆழப்படுத்தினர், கரைகளுக்குச் சிமெந்து பூசினர், 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறந்தனர். பொறியியலில் அது சாதனையே, ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்த தோட்டங்களும் சதுப்புகளும் தாரும் கற்காரையும் ஆயின. விழும் மழை முழுவதும் ஒரே நேரத்தில் சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவின் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதை நாடே கண்டது. கோலாலம்பூரில் கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில் 2017 முதல் நீலவிளக்கும் பனிப்புகையும் காட்டப்படுகின்றன. படம் எடுப்பதற்கு மிக அழகான இடம். அதே ஆறு கிள்ளானைக் கடந்து கடலை நோக்கிச் செல்கையில் சுமக்கும் குப்பையை அள்ள 2019-இல் தனி எந்திரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

உணவைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் 2023-ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. இறக்குமதி அரிசியின் விலை ஏற, மலேசியக் கடைகளில் உள்நாட்டு அரிசி மூட்டைகள் மறைந்தன. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மளிகைக்கடைக்குப் போனவர்கள், தங்கள் அடுப்பு எவ்வளவு தொலைவிலுள்ள ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதை அன்று உணர்ந்தார்கள். சிலாங்கூரின் செகிஞ்சானில் நெல் விளைகிறது என்பது உண்மை. கேமரன் மலையிலிருந்து காய்கறி வருகிறது என்பதும் உண்மை. பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் பள்ளத்தாக்கு தன் கீரையைக்கூட லாரியில் வரவழைக்க வேண்டுமா என்பதே வினா. சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதைந்து எண்ணெயும் உரமும் நின்றபோது, ஹவானா மக்கள் நகரத்துக் காலிமனைகளில் காய்கறி பயிரிட்டார்கள். கியூபாவின் உணவுத் துன்பம் அதனால் முற்றும் தீர்ந்துவிடவில்லை. எனினும் பயிரிட மனையும் உரிமையும் கிடைத்தமையால் தட்டில் காய்கறி விழுந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையிலேயே, பங்சாரில், மின்கம்பிகள் செல்லும் ஒதுக்கு நிலத்தில் 2017-இல் ஒரு சமூகத் தோட்டம் எழுந்தது. வசதி படைத்தோர் வாழும் பகுதியில் இயலுவது அடுக்குமாடிப் பகுதியில் ஏன் இயலாது?

போக்குவரத்திலும் இதே கதைதான். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் இட்டதிலும் அதைக் காத்ததிலும் தமிழரின் வியர்வை பெரும்பங்கு. அந்த இரயிலால் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் தொழிலாளியின் குடியிருப்பு, பணிமனை, கடை, கோயில், பள்ளி யாவும் நடக்கும் தொலைவில் இருந்தன. இன்று உலகெங்கும் நகரத் திட்ட வல்லுநர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசும் அமைப்பு அதுவே! 2001-இல் அங்கே கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது, இரயில்கள் பெருகின, நிலத்தின் விலையோ இரயிலைவிட விரைந்து ஓடிற்று. நிலையத்துக்கு அருகே வாழ வேண்டிய உழைப்பாளி பூச்சோங்குக்கும் ரவாங்குக்கும் தள்ளப்பட்டு, கடன் வாங்கிய காரில் திரும்பி வருகிறார். முதல் புரோட்டோன் சாகா 1985-இல் வெளிவந்தபோது கார் தேசியப் பெருமையாயிற்று. இன்று நாட்டில் பதிவுபெற்ற வாகனங்கள் மக்கள்தொகையைவிட அதிகம்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையின் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. இராணுவம் வந்தது, உயிர்கள் பலியாயின. எண்பது ஆண்டுகளுக்குப் பின், அந்தத் தொழிலாளியின் கொள்ளுப்பேரன் கிள்ளானில் மிதிவண்டியில் பள்ளிக்குப் போனால் பெற்றோருக்கு நெஞ்சு படபடக்கிறது. இறங்கச் சொல்லத் துரை இல்லை. ஏறிச் செல்லப் பாதையும் இல்லை.

"வளர்ச்சி வேண்டாமா? எல்லாருக்கும் கொல்லை கொடுக்க நிலத்துக்கு எங்கே போவது?" என்று கேட்போர் உண்டு. அடுக்குமாடியே கூடாது என்று இங்கு யாரும் வாதிடவில்லை; மக்கள் நெருங்கி வாழும் நகரம் காட்டைத் தின்னாது என்பது உண்மைதான். ஆனால் அடுக்குமாடி கட்டினால் மிஞ்ச வேண்டிய தரை எங்கே போயிற்று? கார் நிறுத்துமிடமாயிற்று. வாகனத்துக்குத் தரை கிடைக்கிறது, வெண்டைச் செடிக்குக் கிடைக்கவில்லை. இதை நிலப் பஞ்சம் என்று எவ்வாறு ஒப்புக்கொள்வது?

தமிழ்க் கல்வியாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது மரம் நடுவிழா அன்று. 1976-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; மறுப்புரை எழுத மக்களுக்கு உரிமை உண்டு. கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்ட வரைவும் 2024-இன் தொடக்கத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 2025-இல் அரசிதழில் ஏறிற்று. கோயில் திருவிழாவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் கூடும் பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இத்தகைய வரைபடத்தின் முன் கூடுவதில்லை. சிலாங்கூரின் நகராண்மைக் கழகங்கள் அடுத்த வரைவை வைக்கும்போது, தங்கள் பள்ளித் திடல் என்ன நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது, வெள்ளத்தேக்கக் குளம் இன்னும் குளமாகவே இருக்கிறதா, இரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு நடைபாதை உண்டா, அடுக்குமாடிகளின் அடியில் பயிர்நிலம் குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து எழுத்தில் கேட்க வேண்டும்.

வகுப்பறையில் அதற்கான பாடம் எளிது. ஆறாம் ஆண்டு மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு, பழைய தோட்டத்தின் படத்தை வரைந்து வரட்டும்: லயம், கிணறு, கொல்லை, மாட்டுக்கொட்டகை, ஓடை, பள்ளிக்குப் போன ஒற்றையடிப்பாதை. அதன் பக்கத்தில் இன்றைய நகரத் திட்டப் படத்தை ஒட்டி வைத்துவிட்டு, சுற்றுச்சூழல் கட்டுரையை எழுதச் சொல்லலாம்.