இதயத்துக்கு இதமான கைப்பிடி!

2024-ல் உலகில் 140 கோடிப் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது என்கிறது, உலகச் சுகாதார நிறுவனம்.

இதற்குச் செலவில்லாத துணை மருந்து ஒன்று உண்டு. அதுதான் அன்பான அணைப்பு!

அமெரிக்காவில், வட கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று 2003-ல் வெளிவந்தது. தம்பதிகள் 10 நிமிடம் கைகோத்து இருந்தனர். பிறகு 20 விநாடி தழுவிக்கொண்டனர். வேறு சிலர் தனியே இருந்தனர். அதன்பின், மனத்தை வருத்திய சம்பவம் ஒன்றை எல்லோரும் பேசிக் காட்டினர்.

தனித்திருந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் மிகவும் ஏறின. தம்பதிகளுக்கு அவ்வளவு ஏறவில்லை!

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை கொடுக்கும்போது, வாங்கும் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொள்வது நல்லது.