ஐந்து நகம் யாருக்கு?

தமிழில் 'காப்பு' என்றொரு சொல் இருக்கிறது. கையில் போடுகிற வளையும் காப்புதான், ஆபத்தில் காப்பதும் காப்புதான். நகை அழகுக்கு மட்டுமில்லை, காவலுக்கும்தான் என்று நம்ம முன்னோர்கள் நினைத்ததை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. குழந்தைக்கு ஐம்படைத் தாலி கட்டியதும் அதற்காகத்தான்.

இன்று திருவிழாக் கடையில் நம்ம பசங்க தேடி வாங்குவது டிராகன் மோதிரம், டிராகன் டாலர். யாரும் கண்ணால் பார்க்காத மிருகம்! அது எப்படிக் காவலுக்கு வந்தது?

ஏறத்தாழ 2600 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் நெபுகாத்நேசர் கட்டிய பாபிலோனின் இஷ்தார் வாசலில் இப்படி ஒரு மிருகம் வரிசையாக நிற்கிறது. பாம்புத் தலை, சிங்கத்தின் முன்னங்கால், கழுகின் பின்னங்கால். வடக்கே வைக்கிங்குகள் கப்பல் முகப்பில் டிராகன் தலை வைத்தார்கள். கரை தெரியும் முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நிலத்தின் காவல் தேவதைகள் மிரண்டுவிடும் என்றது ஐஸ்லாந்தின் பழைய சட்டம். கிறிஸ்தவ ஐரோப்பாவிலோ அதே டிராகன் பொல்லாதது. புனித ஜார்ஜ் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்.

சீனாவில் கதையே வேறு. அங்கே டிராகன் மழை தரும் சாமி. மழை பொய்த்தால் டிராகன் ராஜா சிலையைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து வெயிலில் வைப்பார்களாம். நாங்க காய்வதை நீயும் கொஞ்சம் காய்ந்து பார் என்று! சாமியிடமே நியாயம் கேட்கிற அந்த உழவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. நகையிலும் அது பழசுதான். வடகிழக்குச் சீனாவின் நியூஹேலியாங் கல்லறையில், இறந்தவர் மார்பின் மேல் பச்சைக்கல் டிராகன்கள் கிடைத்தன. 5000 ஆண்டுக்கும் முந்தியவை.

மழைக்காகக் குடியானவன் கும்பிட்ட அந்த டிராகனை அரசன் தனக்கென்று எடுத்துக்கொண்டான். யுவான் மரபினர் ஆட்சியில் (1271–1368) ஐந்து நகம், இரண்டு கொம்பு உள்ள டிராகனைச் சாதாரண மக்கள் உடுப்பில் போடக் கூடாதென்று தடை வந்தது. பிறகு வந்த ஆட்சிகளிலும் ஐந்து நகம் சக்கரவர்த்திக்கு, நான்கு நகம் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று தரம் பிரித்தார்கள். நகத்தை எண்ணியே ஆளை எடை போட்டார்கள்!

சரி, டிராகன் அணிந்த பெரியவர்களை அது காப்பாற்றியதா? 1408-இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்முண்ட் 'டிராகன் அணி' என்று ஒரு வீரர் அமைப்பு தொடங்கினார். சேர்ந்தவர்களுக்கு டிராகன் பதக்கம். 1431-இல் சேர்ந்த இரண்டாம் விளாட் அதனால் 'டிராகுல்' என்றே பெயர் பெற்றார். 1447-இல் அவர் கொல்லப்பட்டார். அவர் மகன் பெயர்தான் சினிமாவில் ரத்தம் குடிக்கிற டிராகுலாவுக்குப் போனது. சீனாவிலும் 1912-இல் சக்கரவர்த்தி முடி துறந்தார். ஐந்து நகமும் அவரைக் காக்கவில்லை.

அப்படியென்றால் டிராகன் வெறும் மூடநம்பிக்கைதானே என்று சிலர் கேட்கலாம். உலோகத்துக்கு மந்திர சக்தி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். லேத் முன்னால் நிற்கும்போது மோதிரம், செயின், காப்பு எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். சுழலுகிற சக்குக்கு டிராகனும் தெரியாது, சாமியும் தெரியாது. விரலோடு இழுத்துவிடும்.

ஆனால் வெறும் உலோகம் என்றால் அரசன் ஏன் தடை போட்டான்? யோசித்துப் பாருங்கள். அதை அணிந்தவன் நிமிர்ந்து நடப்பான் என்று அவனுக்குத் தெரியும். அந்த நிமிர்வுக்குத்தான் பயந்தான். எங்க வீட்டில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆள் நான். 'இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?' என்ற கேள்வியை எங்க அப்பா எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். ஐந்து நகம் உனக்கில்லை என்பதும் அந்தக் கேள்விதான்.

ஆகவே தோழர்களே, டிராகன் மோதிரம் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். அது என்னைக் காக்கும் என்று போடாதீர்கள், எனக்கும் உரிமை உண்டு என்று போடுங்கள். படிப்பையும் அப்படியே பிடித்துக்கொள்வோம். ஒர்க்ஷாப்பில் கழற்றி வைக்க வேண்டாத காப்பு அது ஒன்றுதான்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை