எண்ணெய்க்கு ஊர்ப்பற்று எதற்கு?

விருதுநகர்க்காரனான நான் கரமனைக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த புதிதில் சாப்பாட்டில் முதலில் இடித்தது தேங்காய் எண்ணெய்தான். எங்கள் ஊரில் அது தலைக்கு. இங்கே 'வெளிச்செண்ணெய்' என்று சொல்லி அவியல் மேல் பச்சையாகவே ஊற்றுகிறார்கள். முதல் மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். இப்போது அது இல்லாவிட்டால் அவியல் இறங்குவதில்லை :-)

போன வருடம் மெடிக்கல் செக்கப்பில் எல்.டி.எல். 148 என்று வந்தது. கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அதுதான். போனில் அம்மா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "எல்லாம் அந்தத் தேங்காய் எண்ணெயாலதாம்ப்பா. இங்கருந்து செக்கு நல்லெண்ணெய் குடுத்து விடுறேன்." இதை எதிர்வீட்டு மாமியிடம் சொன்னால் அவருக்குக் கோபம். "எங்க பாட்டி 90 வயசு வரைக்கும் இதுலதான் சமைச்சா சார். உங்க பாக்கெட் எண்ணெய்தான் ஆகாது!" இரண்டு பேருக்குமே இது ஊர் கௌரவப் பிரச்சினை.

நான் பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். பார்த்தேன்.

முதல் வரி எல்லா எண்ணெய்க்கும் ஒன்றுதான். 1 கிராமுக்கு 9 கலோரி. செக்கு, ரீஃபைண்ட், நெய் எதுவானாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. ஒரு மேஜைக்கரண்டி ஊற்றினால் சுமார் 120 கலோரி. பாக்கெட்டில் பெரிதாக 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடுவதிலும் விசேஷமில்லை. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லலாம்.

வித்தியாசம் இருப்பது நிறைவுற்ற கொழுப்பில்தான். எல்.டி.எல்.லை ஏற்றுவது அது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். நெய்யில் 60க்கு மேல். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. தவிட்டெண்ணெயில் 20, கடலை எண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தியில் 11 அளவில்.

அப்படியானால் அம்மா ஜெயித்தார் என்று நினைத்தேன். ஆனால் மாமியின் மகன் ஓர் ஆய்வைக் காட்டினார். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய். 2 வருடம் பார்த்தும் கொழுப்பு அளவுகளில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை என்று 2016இல் வெளியிட்டார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்பட முறையான சிகிச்சையில் இருந்தவர்கள். மாத்திரை போடாத எனக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை சுமார் 10 மி.கி. கூட்டுகிறது என்று தெரிந்தது. நல்ல கொழுப்பையும் சுமார் 4 மி.கி. கூட்டுகிறது. ஆனால் அதனால் கணக்கு நேராகிவிடுவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

லோன் கேட்டு வருகிறவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். எண்ணெய்ச் சண்டையும் அப்படித்தான் நடக்கிறது. யாரும் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. அளவு!

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று போட்டிருக்கிறார்கள். நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் வருகிறது. எங்கள் வீட்டு மளிகை பில்களை எடுத்துக் கூட்டினேன். நெய்யோடு சேர்த்து ஆறரை! சாயங்காலம் கொறிக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் இதில் சேரவில்லை. அந்த ஆறரையில் தேங்காய் எண்ணெய் 2 லிட்டர்தான். மீதி நாலரையில் பெரும்பகுதி அம்மா கொடுத்துவிட்ட 'நம்ம ஊர்' எண்ணெய்கள். குற்றவாளிக் கூண்டில் ஒன்றை மட்டும் ஏற்றியது அநியாயம் இல்லையா?

இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. தினசரி தாளிப்புக்கும் பொரியலுக்கும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மாற்றி மாற்றி. தேங்காய் எண்ணெய் அவியலுக்கும் ஓலனுக்கும் கடைசியில் ஒரு கரண்டி. பொரித்த எண்ணெயைத் திரும்பச் சுட வைப்பதில்லை. மாத ஆரம்பத்திலேயே மூன்றரை லிட்டர் எடுத்து வைத்துவிடுகிறோம். அதற்கு மேல் 'ஓவர் டிராஃப்ட்' கிடையாது என்பது மனைவியின் உத்தரவு. மூன்று மாதத்தில் எல்.டி.எல். 131. காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், அதனால் எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வெளியூரில் இருக்கும் நாம் பெட்டியில் துணியைக் குறைத்தாவது ஊர் எண்ணெய் டின்னை ஏற்றுகிறவர்கள். தப்பில்லை, அந்த வாசனையில் அம்மா இருக்கிறார். டின்னை ஏற்றுங்கள். ஆனால் 'செக்கு எண்ணெய்தானே' என்று கையைத் தாராளமாக்காதீர்கள். எந்த ஊர் எண்ணெய் என்று இரத்தக் குழாய் விசாரிப்பதில்லை.

நேற்று மாமி அவியல் கொடுத்து அனுப்பினார், மேலே பளபளவென்று வெளிச்செண்ணெய். ஒரு கரண்டி கணக்கில் எழுதிவிட்டுச் சாப்பிட்டேன் :-)