எதை வாங்குவது, எதை நாமே செய்வது?

 

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கம் தம் தந்தையாரின் பலசரக்கு மொத்த வியாபாரத்தைக் கவனித்து வருகிறார். அண்மையில் இளையரசனேந்தலுக்கு என்னைக் காண வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. ரசீது, இருப்பு, வரி ஆகியவற்றுக்கென ஓர் இளைஞரைக் கொண்டு தனியே கணினி மென்பொருள் எழுதுவித்திருந்தார். குடும்பச் சேமிப்பில் ஒரு பெரும் பகுதி அதற்குச் செலவாயிற்று. 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறின. பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 சதவீதத்தில் அடங்கின. மென்பொருள் எழுதியவரோ அதற்குள் வெளிநாடு சென்றுவிட்டார். பல நாள்கள் ரசீது கையால் எழுதும்படி ஆயிற்று.

“ஹஜ்ரத், நம்மைப் போன்றவர்களுக்கு மென்பொருளே ஆகாதோ?” என்று கேட்டார்.

ஆகும், ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்ட பின்னரே ஆகும். இந்த வேலை எவ்வளவு சிக்கலானது? இதனால் நாம் பிற வியாபாரிகளிடமிருந்து எந்த அளவு வேறுபடுகிறோம்? முதற் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வாரிசுரிமைச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின்றி இறந்த பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் இருப்பின், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறு பங்குக்கு ஏழு வந்துவிடுகிறது. ஆகவே சொத்தை ஏழாக்கி, மூன்றும் நான்குமாகப் பிரிக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தமது அல்ஜீப்ரா நூலின் பெரும் பகுதியை இத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கினார். அவ்வளவு சிக்கல்! எனினும் விதி எல்லோருக்கும் ஒன்றே. வீட்டுக்கொரு பாகப்பிரிவினை விதியை எவரும் வகுப்பதில்லை. கற்றவரை அணுகிக் கேட்கிறோம்.

வரிக் கணக்கும் அத்தகையதே. சிக்கலானது, ஆனால் கடைதோறும் ஒன்றே. 1986இல் தொடங்கிய டேலி நிறுவனமும், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட ஸோஹோவும் கணக்கு மென்பொருளை விற்கின்றன. சட்டம் மாறினால் அதற்கேற்ப மாற்றித் தருவது அவர்களுடைய தொழில். நமக்குப் பொதுவானது அவர்களுக்கு உயிர்நாடி. அதை விலை கொடுத்து வாங்குவதே அறிவுடைமை.

எரிக் எவன்ஸ் என்னும் மென்பொருள் அறிஞர் 2003இல் வெளியிட்ட தமது நூலில், ஒரு தொழிலின் மையப் பகுதியையும் பொதுப் பகுதியையும் பிரித்துக் காட்டினார். சிறந்த உழைப்பு மையத்துக்கே செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து.

அப்படியானால் அந்த மாணவரின் கடைக்கு மையம் எது? “அத்தாவிடம் ஊர்க்கடைக்காரர்கள் ஏன் வருகிறார்கள்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “கடனுக்குத்தான் ஹஜ்ரத்” என்றார். கரிசல் மண்ணில் மழையை நம்பிய வெள்ளாமை. உளுந்து காசாகும் காலம் வேறு, பருத்தி காசாகும் காலம் வேறு. எந்த ஊருக்கு எத்தனை மாதத் தவணை கொடுக்கலாம், மழை பொய்த்தால் எவருக்குப் பொறுக்கலாம், எவருக்குச் சரக்கைக் குறைக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெரியவரின் நெஞ்சிலும் ஒரு பழைய டைரியிலும் மட்டுமே உள்ளன. வட்டியின்றிக் கடன் கொடுத்தும் கடை நொடியாமல் நிற்பதன் இரகசியம் அதுதான். சிக்கலானது, பிறரிடம் இல்லாதது. அதற்கோ ஒரு பைசாவும் செலவிடப்படவில்லை.

சிக்கலற்ற தனித்தன்மையும் உண்டு. வீடு தேடிச் சரக்கை இறக்குவதைப் போன்றது அது. அடுத்த கடைக்காரர் மறுவாரமே அதைச் செய்துவிடுவார். அதை நம்பிப் பெருந்தொகை இறக்கலாகாது.

தவணைக் கடனை எழுதி வையுங்கள் என்பது திருக்குர்ஆனின் கட்டளை (2:282). “தம்பி, கணக்கு மென்பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். அத்தாவின் அருகே நாள்தோறும் அமர்ந்து, அவர் அறிந்ததை ஊர் ஊராக, போகம் போகமாக முதலில் நோட்டில் எழுதுங்கள். மென்பொருள் செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்” என்றேன்.

அத்தாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வரி விகிதத்தை எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் அறிந்ததை அவரிடம் மட்டுமே கேட்க முடியும்.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.